குடி, போதை சிகிச்சையில் தனி கவுன்சிலிங்: எது உங்கள் உரிமை, எங்கே அலையவிடுவார்கள்

குடிக்கோ போதைப்பொருளுக்கோ அடிமையானவருக்கு அரசு செலவில் சிகிச்சை உண்டு என்பது ஓரளவு எல்லோருக்கும் தெரியும். ஊசி, மாத்திரையோடு அந்தச் சிகிச்சை முடிவதில்லை, நோயாளியைத் தனியாக உட்காரவைத்து ஒரு கவுன்சிலரோ உளவியலாளரோ தொடர்ந்து பேசுவதும் அதில் சேர்த்தி என்பது பெரும்பாலான குடும்பங்களுக்குத் தெரியாது. தெரியாததால் கேட்பதில்லை. கேட்காதவர்களைக் கூப்பிட்டுக் கொடுக்கும் பழக்கம் நம் அலுவலகங்களுக்குக் கிடையாது.

சட்டப் பின்னணி இவ்வளவுதான். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மது மற்றும் போதைப்பொருள் பழக்கத்தால் வரும் மனநலப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. அரசு நடத்தும் அல்லது அரசுப் பணத்தில் நடக்கும் இடங்களில் மனநலச் சிகிச்சை பெற ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்கிறது 18-ஆவது பிரிவு. சிகிச்சை என்றால் நோயைக் கண்டறிவது, குணப்படுத்துவது, மறுவாழ்வு எல்லாம் சேர்த்துத்தான்.

நடைமுறையில் கதவுகள் இரண்டு. ஒன்று சுகாதாரத் துறையின் கையில் இருக்கும் மருத்துவக் கல்லூரி மற்றும் மாவட்ட அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு. இன்னொன்று, மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் நிதியில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மறுவாழ்வு மையங்கள். எந்த ஊரில் எந்த மையம் என்று கேட்க 14446 என்ற இலவச எண் இருக்கிறது. யாரிடமாவது உடனே பேசியாக வேண்டும் என்றால், அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையான டெலி-மானஸ் எண் 14416.

இரண்டு கதவுகள் இருப்பது வசதி என்று நினைத்துவிடாதீர்கள். முதல் அலைச்சலே அங்கேதான் தொடங்குகிறது. மருத்துவமனையில் "நடுக்கம் நின்றுவிட்டது, இனி மறுவாழ்வு மையத்துக்குப் போங்கள்" என்பார்கள். மையத்தில் "எங்களிடம் முழுநேர டாக்டர் இல்லை, உடம்பு சரியாக இருக்கிறது என்று மருத்துவமனையில் எழுதி வாங்கி வாருங்கள்" என்பார்கள். நடுவில் அந்த மனிதர் பேருந்து நிலையத்தில் ஒரு குவார்ட்டர் வாங்கிவிடுவார். அதன்பிறகு இரண்டு இடத்திலும் ஒரே பதில்தான்: "இவருக்கு ஒத்துழைப்பு இல்லை."

இதைத் தவிர்க்க, வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்கில் தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாட்களுக்குள் வலிப்போ, ஆள் அடையாளம் தெரியாத குழப்பமோ வரலாம். உயிரே போகக்கூடிய நிலை அது. ஆகவே முதலில் மருத்துவமனை. வார்டில் இருக்கும்போதே, டிஸ்சார்ஜுக்கு முன்பே, அடுத்து எங்கே, எந்தத் தேதியில், யாரைப் பார்க்க வேண்டும் என்று பரிந்துரைக் கடிதம் வாங்கிவிடுங்கள். டிஸ்சார்ஜ் ஆன பிறகு அந்தக் கடிதத்துக்காகத் திரும்பப் போனால், அன்று அந்த டாக்டர் லீவாக இருப்பார். எழுதி வைத்த மாதிரி நடக்கும்.

அடுத்த பொறி டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே இருக்கிறது. "கவுன்சிலிங் கொடுக்கப்பட்டது" என்று ஒரு வரி. பல நோயாளிகளின் தாள்களில் இதே வரி, இதே வார்த்தைகளில், இதே பேனாவில் பார்த்திருக்கிறேன். ஒருவருடையதில் தேதி, அட்மிஷன் ஆன மறுநாள். அன்று அவருக்கு நடுக்கத்தில் தம்ளரைப் பிடிக்க முடியவில்லை, நர்ஸ்தான் தண்ணீர் புகட்டினார். பக்கத்தில் நோயாளியின் கையெழுத்து என்று கோணலாக ஒரு கோடு. அந்த நிலையில் சொன்னது எதுவும் மண்டையில் ஏறியிருக்காது. குடியை நிறுத்திய முதல் நாட்களில் கவனமும் நினைவும் தடுமாறும் என்பது அந்த வரியை எழுதியவருக்கும் தெரியும். உண்மையான பேச்சு வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது: எந்த நேரத்தில் குடிக்கத் தோன்றுகிறது, யாரைப் பார்த்தால், என்ன சண்டைக்குப் பிறகு, கையில் சம்பளம் வந்தால் கால் எந்தப் பக்கம் போகிறது, அப்போது வேறு என்ன செய்யலாம். ஒரே நாளில் முடிகிற விஷயமில்லை. வாரங்கள், மாதங்கள் போகும்.

இன்னொரு கணக்கு, முப்பது பேரை ஹாலில் உட்காரவைத்து ஒரு வகுப்பு எடுத்துவிட்டு, முப்பது பேருக்கும் தனித்தனியாகக் கவுன்சிலிங் என்று பதிவேட்டில் ஏற்றுவது. குழுக் கூட்டங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை, அவற்றால் தேறியவர்கள் ஏராளம். ஆனால் அப்பா அடித்ததையோ, கடனையோ, தற்கொலை எண்ணத்தையோ ஒருவர் முப்பது பேர் முன்னால் சொல்லமாட்டார். அதனால் நேரடியாகக் கேளுங்கள்: கவுன்சிலர் யார், அவருடைய படிப்பு என்ன, வாரத்தில் எத்தனை முறை தனியாகப் பார்ப்பார், டிஸ்சார்ஜுக்குப் பிறகு ஓ.பி.யில் எந்த நாளில் வரலாம். பதிலை ஒரு தாளில் குறித்துக்கொண்டு அவர்கள் கண்ணெதிரே தேதி போடுங்கள். குறித்துக்கொள்கிறவரிடம் பேச்சு கொஞ்சம் மாறும்.

அட்டை கேட்பார்கள்

வருமானச் சான்று, ரேஷன் கார்டு, வறுமைக்கோட்டுப் பட்டியல் எண் என்று கேட்டுத் திருப்பி அனுப்புவது பரவலாக நடக்கிறது. வீட்டை விட்டு வெளியேறியவரிடமோ, குடும்பம் கைவிட்டவரிடமோ இதில் எது இருக்கும்? 18-ஆவது பிரிவின் 7-ஆவது உட்பிரிவு இதற்காகவே எழுதப்பட்டது. வறுமைக்கோட்டுக்குக் கீழே வாழ்பவருக்கு, அதற்கான அட்டை கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வீடற்றவருக்கும் ஆதரவற்றவருக்கும், அரசு நடத்தும் அல்லது நிதி கொடுக்கும் மனநல நிலையங்களில் சிகிச்சை இலவசம். உட்பிரிவு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். எண் சொன்னதும் கண்காணிப்பாளர் அறைக்கு அனுப்புவார்கள். பரவாயில்லை, நமக்கும் அங்கேதான் போக வேண்டும்.

காப்பீடு: சட்டம் ஒன்று சொல்லும், பாலிசி ஒன்று சொல்லும்

உடல்நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது இதே சட்டத்தின் 21-ஆவது பிரிவு. ஏஜென்ட் இதைச் சொல்லித்தான் பாலிசி விற்பார். ஆனால் பாலிசிப் புத்தகத்தில் விலக்குகள் பகுதியைப் புரட்டுங்கள். மதுப்பழக்கம், போதைப் பழக்கம், அவற்றின் விளைவுகளுக்கான சிகிச்சை கிடையாது என்று ஒரு வரி இருக்கும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமே அனுமதித்த பொது விலக்குகளில் 12-ஆம் எண் அது. மனநோய் வரையறைக்குள் சட்டம் கொண்டுவந்ததை விலக்குப் பட்டியல் வெளியே தள்ளுகிறது. இரண்டையும் ஒத்துப்போகச் செய்ய யாருக்கும் அவசரம் இல்லை.

இதற்கு மேல் இன்னொன்று. கவுன்சிலிங் பெரும்பாலும் ஓ.பி.யில் நடக்கிறது. சாதாரண பாலிசி, 24 மணி நேரமாவது உள்நோயாளியாக இருந்தால்தான் பணம் தரும். ஓ.பி. கவர் தனியாக எடுத்திருந்தால் மட்டுமே அதைப் பற்றி யோசிக்கலாம்.

அப்படியென்றால் விட்டுவிடுவதா? வேண்டாம். போதைப் பழக்கத்தோடு மனச்சோர்வு, பதற்றம் போன்ற நோய்களும் சேர்ந்தே இருப்பது சகஜம். டாக்டர் கண்டுபிடித்த எல்லா நோய்களும் கேஸ் ஷீட்டில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத நோயை எழுதச் சொல்லாதீர்கள், அது மோசடி. இருக்கும் நோயை எழுதாமல் விடவும் விடாதீர்கள். கிளெய்மை மறுத்தால் எந்த விலக்கின்படி என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்குப் புகார். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ஒரு வருடத்துக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமில்லை, வக்கீல் வேண்டாம். போனில் "ரிஜெக்ட் ஆகிவிட்டது சார்" என்பதோடு ஓய்ந்து போகிறவர்கள்தான் அதிகம்.

பூட்டி வைக்கும் இடங்கள்

அரசு மையத்தில் அலைந்து சலித்த குடும்பம் அடுத்து மாட்டிக்கொள்வது இங்கேதான். மூன்று மாத பேக்கேஜ், முன்பணம், ராத்திரியில் வேன் வந்து ஆளைத் தூக்கிப்போகும். "கவுன்சிலிங் உண்டா?" என்றால் "தினமும்" என்பார்கள். பதிவு இருக்கிறதா என்று கேட்டால் டிரஸ்ட் பத்திரத்தை லேமினேட் செய்து காட்டுவார்கள். அது வேறு. மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்றிதழ் வேண்டும், 65-ஆவது பிரிவு கேட்பது அதைத்தான். அது இல்லையென்றால் பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

மனைவியோ அம்மாவோ கையெழுத்துப் போட்டால் ஒருவரை எவ்வளவு நாளும் வைத்துக்கொள்ளலாம் என்பது பொய். சம்மதிக்காதவரைச் சேர்க்க 89-ஆவது பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல நிபுணரோ டாக்டரோ தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும், நோயாளிகளின் உரிமையைக் கவனிக்க இதே சட்டம் அமைத்திருக்கும் மனநல மறு ஆய்வு வாரியத்துக்கும் தகவல் போக வேண்டும். அதிகபட்சம் 30 நாள். அதற்கு மேல் என்றால் வேறு நடைமுறை, வாரியத்தின் அனுமதி. தானாக வந்து சேர்ந்தவர் போகிறேன் என்றால் விட்டாக வேண்டும், பரிசோதிப்பதற்காக 24 மணி நேரம் நிறுத்தி வைக்கலாம், அவ்வளவுதான். சங்கிலியால் கட்டுவதை எந்தச் சூழ்நிலையிலும் சட்டம் அனுமதிக்கவில்லை. "கட்டினால்தான் திருந்துவான்" என்று சொல்கிற இடத்தில் கவுன்சிலிங் எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

வழக்கு இருப்பவர்களுக்கு

கஞ்சா மாதிரியான பொருளைப் பயன்படுத்தியதற்காகவோ, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு வந்த அடிமைக்கு, போதைப்பொருள் தடுப்புச் சட்டம், 1985-இன் 64ஏ பிரிவு ஒரு வாய்ப்பு தருகிறது. தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு. இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். சிகிச்சை, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் நடந்திருக்க வேண்டும். மேலே சொன்ன வேன் வைத்திருப்பவர் கொடுக்கும் சான்று நீதிமன்றத்தில் செல்லாது. அடுத்து, சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கை ரத்து செய்யலாம். நடுக்கம் நின்றதும் வீட்டுக்கு வந்து, கவுன்சிலிங்குக்குப் போகாமல் இருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஒவ்வொரு முறை போய்வரும்போதும் ஓ.பி. சீட்டில் தேதியோடு முத்திரை வாங்கி வையுங்கள்.

மறுத்தால்

வாயால் மறுப்பார்கள், தாளில் மறுக்கமாட்டார்கள். அதனால் நீங்கள் தாளில் கேளுங்கள். நிலையப் பொறுப்பாளருக்கு ஒரு பக்கக் கடிதம், நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து. அது வேலைக்கு ஆகவில்லை என்றால் மனநல மறு ஆய்வு வாரியம், அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை. எழுதத் தெரியவில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவ வேண்டும், எண் 15100. சிகிச்சைப் பதிவேட்டின் நகலையும் கேட்கலாம், மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. கவுன்சிலிங் நிஜமாக நடந்ததா, அந்த ஒற்றை வரி மட்டும்தானா என்பது நகல் கைக்கு வந்ததும் தெரிந்துவிடும்.

அப்புறம், பயந்துகொண்டே பலர் கேட்கும் கேள்வி: மறுபடியும் குடித்துவிட்டால் சேர்ப்பார்களா? "போன வருடமே வந்தவர், படுக்கை இல்லை" என்று சொல்லிப் பார்ப்பார்கள். எத்தனை முறை சிகிச்சைக்கு வரலாம் என்று இந்தச் சட்டம் எல்லை வைக்கவில்லை. பழைய சீட்டை மறைக்காமல் எடுத்துப் போங்கள். போன முறை தனி கவுன்சிலிங் எத்தனை நாள் நடந்தது, எதனால் நின்றது என்பதை முதல் பேச்சிலேயே சொல்லுங்கள்.