பிஎஸ்ஏங்கற கத்தரிக்கோல் ரத்தத்துல எப்படி கசியுது?

2024 ஜனவரில, அப்போ அமெரிக்க பாதுகாப்பு அமைச்சரா இருந்த லாயிட் ஆஸ்டினுக்கு ப்ராஸ்டேட் (ஆம்பளைங்களுக்கு சிறுநீர்ப்பைக்குக் கீழ இருக்கற சுரப்பி) கேன்சர் ஆபரேஷன் நடந்த விஷயம் வெளிய வந்துச்சு. அவரோட டாக்டர்ங்க விட்ட அறிக்கைல ஒரு கணக்கு இருந்துச்சு: அமெரிக்க ஆண்கள்ல 8 பேர்ல ஒருத்தருக்கு இது வருது, கறுப்பின ஆண்கள்ல 6 பேர்ல ஒருத்தருக்கு. சாவு எண்ணிக்கை விகிதமோ வெள்ளையர்களைவிட ரெண்டு மடங்கு. "இந்த கேன்சரைத் தேட எல்லாருக்கும் ஒரே ரத்த டெஸ்ட்தானே, அப்புறம் ஏன் இப்படி?"ன்னு ஒரு தம்பி கேட்டிருந்தாரு.

அந்த டெஸ்ட் தேடுறது பிஎஸ்ஏங்கற புரதத்தை. இது கேன்சரோட சரக்கு இல்லீங்க, எல்லா ஆம்பளைங்க உடம்புலயும் இருக்கற கத்தரிக்கோல். விந்து வெளிய வந்ததும் ஜெல்லி மாதிரி கெட்டியா இருக்கும், அந்த ஜெல்லியைப் பின்னி வச்சிருக்கற செமினோஜெலின்ங்கற புரதத்தை இது நறுக் நறுக்னு வெட்டிவிடும், அரைமணி நேரத்துக்குள்ள எல்லாம் இளகி விந்தணு நீந்த ஆரம்பிச்சுரும். எவ்வளவு அழகான வேலை பாருங்க! ப்ராஸ்டேட்டுக்குள்ள இருக்கற குட்டிக் குட்டிக் குழாய்ங்களுக்குள்ளதான் இது சுரக்கும், சுத்தி செல் வரிசையும் அதுக்கு வெளிய ஒரு மெல்லிய சவ்வும் சுவர் மாதிரி நிக்கறதால ரத்தத்துப் பக்கம் வர்றது கிட்டத்தட்ட பத்து லட்சத்துல ஒரு பங்குதான். கேன்சர் அந்த சுவரைக் குலைச்சா கசிவு கூடும். ஆனா வயசானா வர்ற வீக்கம், இன்ஃபெக்‌ஷன்கூட கசிய வைக்கும். சுவர் ஒழுகுதுன்னு டெஸ்ட் சொல்லும், யார் உடைச்சதுன்னு சொல்லாது.

தேவையில்லாத பயாப்ஸி (ஊசி போட்டு சதைத் துணுக்கு எடுத்துப் பாக்கறது), ஆபரேஷன் எல்லாம் கூடுதுன்னு 2012ல அமெரிக்க நிபுணர் குழு இந்த டெஸ்ட்டே யாருக்கும் வேணாம்னுருச்சு. அதுக்குப் பெரிய ஆதாரமா எடுத்துக்கிட்ட அமெரிக்க மருத்துவ ஆய்வுல சுமார் 77,000 ஆண்கள், அதுல கறுப்பினத்தவர் வெறும் 4 சதவீதம் அளவுலதான். யாருக்கு நோய் சின்ன வயசுலயே வருதோ அவங்களையே போதுமான அளவு சேர்க்காம எல்லாருக்கும் ஒரே விதி போட்டது எனக்கு இன்னைக்கும் ஆத்திரமா வருது. 2018ல 55லேர்ந்து 69 வயசுக்காரங்க டாக்டரோட பேசி முடிவு பண்ணட்டும்னு மாத்துனாங்க.

இந்த வித்தியாசத்துக்கு மரபணு காரணமும் இருக்கு, 8வது குரோமோசோம்ல இந்த நோய் வர்ற வாய்ப்பைக் கூட்டற ஒரு பகுதியை 2006லயே கண்டுபிடிச்சாங்க. ஆனா எல்லாத்தையும் ஜீன் தலைல கட்டிடாதீங்க. முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனைகள்ல 60,000 நோயாளிங்களுக்கு மேல ஆராய்ஞ்சு 2020ல ஒரு ஆய்வு வந்துச்சு. அங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி வைத்தியம் கிடைக்குது. கறுப்பினத்தவருக்கு நோய் அங்கயும் சின்ன வயசுலதான் வருது, ஆனா அதனால சாகறது வெள்ளையர்களைவிட அதிகமா இல்ல.