நோயாளியிடமே கேளுங்கள்

பிசியோதெரபிஸ்டாக வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு தப்புச் செய்தேன். முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த ஒருவரைச் சக்கர நாற்காலியில் அவருடைய மனைவி அழைத்து வந்திருந்தார். நான் மனைவியைப் பார்த்து, "இவர் ராத்திரி சரியா தூங்குறாரா?" என்று கேட்டேன். அந்த அம்மா கணவரைப் பார்த்தார். "தூங்குறது நான்தாங்க, என்கிட்டயே கேக்கலாம்" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. பல இடங்களில் சொல்லிச் சலித்த குரல்.

சரி என்று அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து கேட்கத் தொடங்கினேன். வேலைக்குப் போகும் நாட்களில் காலையிலிருந்து சாயங்காலம் வரை அவர் தண்ணீரே குடிப்பதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அலுவலகக் கழிவறைக் கதவு குறுகல், நாற்காலி நுழையாது. அவருக்கு அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருவதற்கு அதுவும் ஒரு காரணம். பக்கத்தில் நின்ற மனைவிக்கே அது புதுச் செய்தி.

மருந்து எழுதினால் மட்டும் அந்தத் தொற்று நிற்காது, கதவை அகலப்படுத்த வேண்டும். இயலாமை என்பது உடம்பில் மட்டும் இல்லை, உடல்நிலையும் சூழலும் சேர்ந்து உண்டாக்குவது என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 2001இல் கொண்டுவந்த வகைப்பாடும் சொல்கிறது. பரீட்சைக்கு அதைப் படித்து எழுதியவன்தான் நான். ஆனால் நோயாளிகளின் கோப்பில் 'சூழல்' என்ற இடத்தைக் காலியாகவே விட்டுவந்திருக்கிறேன்.

சாய்தளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது பரவலான கணக்கு. 45 செ.மீ. உயரத் திண்ணை என்றால் 5.4 மீட்டர் வேண்டும். இரண்டு மீட்டரில் செங்குத்தாகக் கட்டிவிட்டு 'ராம்ப் வைத்தாயிற்று' என்று திருப்திப்படுகிறார்கள். அதில் தானே ஏற முயல்பவருக்குத் தோள்பட்டை போய்விடும். காலுக்குப் பதிலாக அவர் நம்பியிருப்பதே அந்தத் தோளைத்தான்.

உதவுகிறேன் என்று சொல்லாமல் கொள்ளாமல் பின்னாலிருந்து தள்ளுவது இன்னொரு தொல்லை. முன்சக்கரங்கள் சின்னவை, சிறு மேட்டில் தடுக்கினாலும் உட்கார்ந்திருப்பவர் முன்னால் விழுவார். பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுப்பதும் அப்படித்தான். உங்கள் முழங்கையை நீட்டினால் அவர் பிடித்துக்கொண்டு அரையடி பின்னால் நடந்து வருவார். முதலில் உதவி வேண்டுமா என்று கேளுங்கள். 'வேண்டாம்' என்றால் வேண்டாம், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

பக்கவாதம் வந்த சிலருக்கு நாம் பேசுவது புரியும், பதில் சொல்லத்தான் வார்த்தை வராது. பத்து வினாடி பொறுத்தால் வந்துவிடும், அல்லது கையால் காட்டிவிடுவார். நமக்குத்தான் பொறுமை இல்லை. அவர் வாக்கியத்தை நாமே முடித்துவைக்கிறோம், பாதி நேரம் தப்பாக.

அப்புறம் இந்தச் சம்மதப் படிவம். பல இடங்களில் பேனா நேராக உடன் வந்தவர் கைக்குத்தான் போகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கும் மற்றவர்களைப் போலவே சட்டத்தின் முன் முடிவெடுக்கும் தகுதி உண்டு என்று 2006ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு சொல்கிறது. கை நடுங்கினால் பெருவிரல் ரேகை வாங்கலாம், கண் தெரியாவிட்டால் வாசித்துக் காட்டலாம். வாசிக்கும்போது முகம் அவர் பக்கம் இருக்கட்டும்.