ஒரே கச்சேரி, பதினோரு தடவை

சென்னை மார்கழி சீசன் கச்சேரிகளைத் தேட ஒரு டேட்டாபேஸ் கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று டேபிள்கள்: கச்சேரி, கலைஞர், உருப்படி. (பாடப்போகும் பட்டியலை முன்கூட்டியே எந்த வித்வான் தருவார் என்று கேட்காதீர்கள். போன வருடக் கச்சேரிகள்தான்.)

மயிலாப்பூர்க் கச்சேரி ஒன்றில் பாட்டு, வயலின், மிருதங்கம், கடம் என நான்கு பேர், உருப்படிகள் எட்டு. மூன்றையும் ஜாயின் செய்தால், அதாவது ஒன்றாக இணைத்தால், ஒவ்வொரு கலைஞரும் ஒவ்வொரு உருப்படியோடும் ஜோடி சேர்வார். ஆக, 32 வரிசைகள். ரசிகர் ஒருவர் ‘கல்யாணி’ என்று தேடுகிறார். வயலின் வாசித்தவர் பெயர் கல்யாணி. ஓர் உருப்படியும் கல்யாணி ராகம். பெயர் வழியாக 8 வரிசைகள், ராகம் வழியாக 4, இரண்டிலும் வரும் ஒன்றைக் கழித்தால் 11. திரையில் அதே கச்சேரி பதினோரு தடவை.

1970-இல் கணினி விஞ்ஞானி எட்கர் காட் முன்வைத்த, தகவல்களை டேபிள்களாகப் பார்க்கும் ரிலேஷனல் மாதிரியில் ஒரே வரிசை இருமுறை வர இடமில்லை. டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் அவ்வளவு கறார் இல்லை. நீக்கச் சொன்னால்தான் நீக்கும்.

உடனே எல்லோருக்கும் கை போவது, ஒரே மாதிரி வரிசைகளில் ஒன்றை மட்டும் விட்டுவைக்கும் டிஸ்டிங்க்ட்டுக்கு. கச்சேரி விவரம் மட்டும் கேட்டால் சரி, ஒன்றுதான் வரும். கூடவே கலைஞர் பெயரையும் கேளுங்கள், நான்காகிவிடும். அது பார்ப்பது முழு வரிசையை. டிக்கெட் வசூலைக் கூட்டினால் இன்னும் மோசம்: பதினோரு மடங்கு. கூட்டலுக்குள் டிஸ்டிங்க்ட் போட்டாலோ, ஒரே தொகை வசூலான இரண்டு கச்சேரிகளில் ஒன்று காணாமல் போகும்.

உண்மையில் நமக்கு ஜோடிகளே வேண்டாம். ‘இந்தக் கச்சேரியில் கல்யாணி என்ற கலைஞரோ ராகமோ உண்டா?’ என்பதுதான் கேள்வி. அதைக் கேட்கத்தான் எக்ஸிஸ்ட்ஸ். ஒன்று கிடைத்ததும் மேலே தேட வேண்டியதில்லை. கச்சேரிக்கு ஒரு வரிசைக்கு மேல் வராது. பக்கத்துக்கு 20 என்றால், கைவசம் இருக்கும்வரை முழுதாக 20 கச்சேரிகள் வரும். கலைஞர் பெயர்களைக் காட்ட வேண்டுமா? கிடைத்த கச்சேரிகளுக்கு மட்டும் அப்புறம் தனியாகத் திரட்டி ஒரே வரியாகக் கோத்துக்கொள்ளலாம்.

ஆனால் எக்ஸிஸ்ட்ஸுக்கு உண்டு, இல்லை என்று மட்டுமே சொல்லத் தெரியும். எது அதிகப் பொருத்தம் என்று தெரியாது. அது வேண்டுமானால், கச்சேரியின் பெயர்களையும் ராகங்களையும் ஒரே உரையாகச் சேர்த்து முழு உரைத் தேடல் இண்டெக்ஸ் (சொற்களை வேகமாகத் தேட உதவும் அட்டவணை) போடுவதே நல்லது. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 12-ஆம் பதிப்பிலிருந்து தமிழ்ச் சொற்களின் விகுதிகளைக் களையும் வசதியும் அதில் இருக்கிறது. கடைசி நேரத்தில் கடக்காரர் மாறினால், கலைஞர் டேபிளோடு அந்த உரையையும் மாற்ற வேண்டும். அதற்கு ஒரு ட்ரிக்கர் (டேபிள் மாறினால் தானாக ஓடும் நிரல்) எழுதி வைத்துவிடுங்கள்.