கப்பல் சுற்றுலாவுக்கு விசா: எத்தனை தடவை உள்ளே போகிறோம் என்று எண்ணுங்கள்

போன வருஷம் கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் எங்கள் சித்தப்பாவும் சித்தியும் சிங்கப்பூரில் இருந்து கிளம்பும் நாலு இரவுக் கப்பல் பயணம் ஒன்றுக்குக் காசு கட்டிவிட்டுப் போனார்கள். டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்சிக்காரர் "கப்பல்தானே அங்கிள், சிங்கப்பூருக்கு எங்களுக்கு விசா வேண்டாம், மற்றதெல்லாம் கப்பல்காரன் பார்ப்பான்" என்று சொல்லியிருக்கிறார். மரீனா பே துறைமுக முனையத்தில், கவுண்டரில் இருந்த பிள்ளை இரண்டு இலங்கைக் கடவுச்சீட்டையும் முன்னுக்கும் பின்னுக்கும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: மலேசிய விசா எங்கே? கப்பல் இடையில் பினாங்கில் நிற்கிறது. சித்தப்பா விடவில்லை, "நாங்கள் பினாங்கில் இறங்கமாட்டோம், உள்ளேயே இருந்துவிடுகிறோம்" என்றிருக்கிறார். அது செல்லாது என்றார்கள். பின்னேரம் கப்பல் போய்விட்டது, இவர்கள் நாலு நாளும் லிட்டில் இந்தியாவில் அறை எடுத்துத் தங்கி, தோசை சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். காசு திரும்பி வரவில்லை.

இதற்குப் பிறகுதான் நான் உட்கார்ந்து இந்த விதிகளை ஒழுங்காகப் பார்த்தேன். எங்கள் ஆட்கள் இப்போது கப்பல் சுற்றுலாவுக்கு நிறையப் போகிறார்கள், ஆனால் கேட்பது எல்லாம் சாப்பாடும் பால்கனி அறையும்தான், விசாவைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

"கப்பலில் போனால் விசா வேண்டாம்" என்ற கதை முழுப் பொய்யும் இல்லை. கடல் போக்குவரத்துக்கான தாள் வேலைகளைக் குறைப்பதற்கு 1965 இல் ஒரு சர்வதேச உடன்படிக்கை செய்தார்கள், சுருக்கமாக ஃபால் என்பார்கள். கப்பல் ஒரு துறைமுகத்தில் 72 மணித்தியாலத்துக்குக் குறைவாக நின்றால் சுற்றுலாக் கப்பல் பயணிகளுக்கு விசா தேவைப்படக்கூடாது என்று அதில் ஒரு விதி இருக்கிறது. ஆனால் அதே வரியிலேயே ஒரு வாலும் இருக்கிறது: அந்த அந்த நாட்டு அதிகாரிகள் தீர்மானிக்கும் விசேட சூழ்நிலைகள் தவிர. ஒவ்வொரு நாடும் அந்த வாலைத் தனக்குத் தோதாகப் பிடித்துக்கொள்கிறது. சில நாடுகள் உண்மையிலேயே தாராளமாக இருக்கின்றன. ஜப்பான் 2015 இல் இருந்து, அனுமதி பெற்ற சுற்றுலாக் கப்பல்களில் வருபவர்களை விசா இல்லாமல், கப்பலோடு சேர்ந்த ஒரு இறங்கும் அனுமதியில் கரைக்கு விடுகிறது. நிபந்தனை, வந்த கப்பலிலேயே திரும்பிப் போகவேண்டும். வேறு சில நாடுகளில் ஐரோப்பியக் கடவுச்சீட்டுக்காரர் சும்மா இறங்கிப் போக, பக்கத்தில் நிற்கும் இலங்கைக் கடவுச்சீட்டுக்காரரிடம் விசா கேட்பார்கள். கப்பல் கம்பனியின் விளம்பரத்தில் "விசா தேவையில்லை" என்று போட்டிருந்தால், அது யாருடைய கடவுச்சீட்டை நினைத்து எழுதியது என்று முதலில் பாருங்கள்.

சரி, இறங்காமல் இருந்தால் என்ன என்று சித்தப்பா மாதிரி நீங்களும் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் உரிய தாள் இல்லாத ஆளைக் கொண்டுவந்து இறக்கும் விமானத்துக்கோ கப்பலுக்கோ பல நாடுகள் அபராதம் போடுகின்றன, ஐரோப்பிய ஒன்றியத்தில் அது ஒரு ஆளுக்கே ஆயிரக்கணக்கான யூரோ. அதோடு வழியில் உங்களுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக்கு இறக்கவேண்டி வந்தால்? கப்பல் பழுதாகி எல்லாரையும் அங்கேயே இறக்கினால்? அதனால் கப்பல் கம்பனிகள் இறங்கினாலும் இறங்காவிட்டாலும் பயணப் பாதையில் உள்ள எல்லா நாட்டுக்கும் தாள் இருக்கவேண்டும் என்று தங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகின்றன. நாட்டின் விதி ஒன்று, கம்பனியின் விதி இன்னொன்று, இரண்டில் எது கடுமையோ அதுதான் கவுண்டரில் செல்லும்.

இப்போது எண்ணும் கதைக்கு வருவோம். நிறையப் பேர் எத்தனை நாடு என்று எண்ணுகிறார்கள், எண்ணவேண்டியது எத்தனை தடவை உள்ளே நுழைகிறோம் என்பதை. சிங்கப்பூரையே எடுங்கள். விமானத்தில் போய் இறங்குவது ஒரு நுழைவு, கப்பல் சுற்றிவிட்டுத் திரும்பி வருவது இரண்டாவது. எங்களுக்கு அங்கே விசா தேவையில்லை என்பதால் கவலை இல்லை, ஆனால் வருமுன் விபரம் கொடுக்கும் அவர்களுடைய இணையவழி வருகை அட்டையை இரண்டு தடவையும் நிரப்பவேண்டும், ஒவ்வொரு வருகைக்கும் முந்திய மூன்று நாளுக்குள். இரண்டாவதைக் கடலில் இருந்துகொண்டு நிரப்பவேண்டி வரும், கப்பலில் இன்டர்நெட்டுக்குத் தனிக் காசு, ஆகையால் முந்திய துறைமுகத்தில் இறங்கும்போதே செய்துவிடுவது புத்தி. மலேசியாவுக்கு எங்களுக்கு விசா வேண்டும், இணையவழியில் ஈவிசா எடுக்கலாம், அதற்கு மேல் அவர்களுடைய இணையவழி வருகை அட்டையும் இருக்கிறது. தாய்லாந்து 2024 ஜூலை 15 இல் இருந்து எங்களையும் விசா விலக்குப் பட்டியலில் சேர்த்தது, 2025 மே 1 இல் இருந்து அவர்களும் இணையவழி வருகை அட்டை கேட்கிறார்கள். கப்பல் முதலில் கிள்ளான் துறைமுகம், பிறகு புக்கெட், பிறகு பினாங்கு என்று போனால் மலேசியாவுக்குள் இரண்டு தடவை நுழைகிறீர்கள். ஒரு தடவைக்கான விசா கிள்ளானோடு செத்துவிடும்.

ஐரோப்பாவில் இது இன்னும் சிக்கல், செலவும் கூட. பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா ஒன்று எடுத்தால் எல்லாம் முடிந்தது என்று நினைப்போம். பார்சிலோனாவில் ஏறி, மார்செய், ரோமுக்குப் பக்கத்துச் சிவிட்டாவெக்கியா, பிறகு துருக்கியின் குஷாதாசி, கடைசியில் ஏதென்ஸ் என்று ஒரு பாதை என்று வையுங்கள். குஷாதாசி ஷெங்கனுக்கு வெளியே. அங்கே போய்விட்டு கிரீஸுக்குள் வருவது இரண்டாவது நுழைவு, ஒரு நுழைவு விசா போதாது, பல நுழைவு கேட்கவேண்டும், துருக்கியின் விசாவையும் தனியாகப் பார்க்கவேண்டும். ஏட்ரியாட்டிக் கடல் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று: குரோவேஷியா 2023 ஜனவரி 1 இல் ஷெங்கனுக்குள் வந்துவிட்டது, ஆனால் டுப்ரோவ்னிக்கில் இருந்து கொஞ்சத் தூரத்தில் இருக்கும் கோட்டோர் மொண்டினீக்ரோவில், அது வெளியே. பழைய பயணக் குறிப்புகளை நம்பிப் படிவம் நிரப்பினால் இங்கேதான் பிழை வரும்.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது? கூட நாள் நிற்கும் நாட்டிடம், நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்து கொடுக்கலாம், குறைந்தது 15 நாளுக்கு முன்பாவது கொடுக்கவேண்டும், ஆனால் கொழும்பில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு, ஆகவே அந்த 15 நாளை மறந்துவிடுங்கள். கட்டணம் 2024 ஜூனில் இருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ. மருத்துவக் காப்புறுதி 30,000 யூரோவுக்குக் குறையக்கூடாது. கப்பல் முன்பதிவுத் தாளில் துறைமுகங்களின் பெயரும் திகதியும் வரிசையாக இருக்கவேண்டும், பல நுழைவு ஏன் கேட்கிறீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி, ஒரு கடிதத்திலும் இரண்டு வரி எழுதி வையுங்கள்.

இதில் இன்னொரு பொறி, கப்பலுக்குப் போகும் விமானம். இலங்கைக் கடவுச்சீட்டு ஷெங்கன் நாடுகளின் விமான நிலைய மாற்று விசாப் பட்டியலில் இருக்கிறது. அதாவது பாரிஸிலோ பிராங்க்பேர்ட்டிலோ விமானம் மாறுவதற்கு மட்டும்கூட, வெளியே காலே வைக்காவிட்டாலும், விசா வேண்டும். லண்டனிலும் அப்படித்தான். மயாமியில் கப்பல் ஏறப் போகிறவரிடம் செல்லுபடியான அமெரிக்க விசா இருந்தால் ஷெங்கன் பக்கத்தில் விலக்கு உண்டு, அது இல்லாமல் மயாமிக் கப்பலில் ஏறவே முடியாது என்பதால் அந்தப் பாதைக்காரருக்குத் தலையிடி குறைவு. மற்றவர்கள் தோஹா, துபாய் வழியாகப் போனால் நிம்மதி.

இந்தியாவைச் சொல்லாமல் விட்டால் எங்கள் வாசகர் விடமாட்டார்கள். 2023 ஜூனில் சென்னையில் இருந்து எம்ப்ரஸ் என்ற கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வந்தது நினைவிருக்கும். அந்த மாதிரிப் பயணத்தில் எங்களுக்கு ஒரு வேடிக்கை: சென்னைக்குப் பறந்து போய், அங்கே ஏறி, எங்கள் நாட்டுக்கே வந்து இறங்கிப் பார்த்துவிட்டு, திரும்பிச் சென்னைக்குப் போவோம். காங்கேசன்துறையில் இறங்க எங்களுக்கு யாருடைய விசாவும் வேண்டாம், ஆனால் சென்னைக்குள் இரண்டாவது தடவை நுழைய இந்திய விசா இடம் கொடுக்கவேண்டும். இந்திய ஈவிசாவில் கடல் வழியாக வருபவர் குறித்த துறைமுகங்களால் மட்டுமே நுழையலாம், அந்தப் பட்டியலில் சென்னை, கொச்சி, மும்பை, மங்களூர், கோவாவின் மோர்முகாவ் இருக்கின்றன.

பெயர் விஷயம் சின்னதாகத் தோன்றும், எங்களுக்கு அது பெரியது. கப்பல் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் பயணிகள் பட்டியல் ஒன்றை முன்கூட்டியே அனுப்புகிறது: குடும்பப் பெயர், சொந்தப் பெயர், நாடு, பிறந்த திகதி, பிறந்த இடம், கடவுச்சீட்டு இலக்கம். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அப்பாவின் பெயர் ஒரு கடவுச்சீட்டில் முதலிலும் இன்னொன்றில் கடைசியிலும் இருக்கும், கணவனுக்கும் மனைவிக்கும் வேறு வேறு. முன்பதிவு செய்யும்போது கடவுச்சீட்டின் அடியில் அந்த அம்புக்குறிகள் போட்டிருக்கும் இரண்டு வரியைப் பார்த்து அப்படியே எழுதுங்கள். விசாவிலும் அப்படியே. கடவுச்சீட்டு திரும்பி வரும் நாளுக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் முதலில் பத்தரமுல்லைக் கடவுச்சீட்டு அலுவலகத்துக்குப் போங்கள். 2024 இல் அங்கே இருந்த வரிசையைப் பார்த்தவர்கள் கடைசி மாதம் வரை காத்திருக்கமாட்டார்கள்.

சில கப்பல்களில் ஏறியதும் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள், பயப்படவேண்டாம், குடிவரவு அதிகாரிகளுக்கு மொத்தமாகக் காட்டுவதற்குத்தான். உங்கள் கையில் கப்பல் அட்டை இருக்கும், அதோடு கடவுச்சீட்டின் போட்டோ கொப்பியையும் கொண்டு இறங்குங்கள், எந்தத் துறைமுகத்தில் அசல் வேண்டும் என்று முதல் நாள் இரவே அறைக்குத் தாள் வரும், அதை வாசியுங்கள்.

நேரத்தையும் பாருங்கள். புக்கெட் சிங்கப்பூரை விட ஒரு மணித்தியாலம் பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடினால், கரையில் இறங்கியதும் உங்கள் போன் தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும், போனில் நாலு மணி என்றால் கப்பலில் ஐந்து. ஐந்துக்கு ஏறவேண்டும் என்று போட்டிருந்தால் நீங்கள் கடையில் பேரம் பேசிக்கொண்டு நிற்கும்போது ஏணியைத் தூக்கிக்கொண்டிருப்பார்கள். விட்ட கப்பலை அடுத்த துறைமுகத்தில் பிடிப்பது உங்கள் செலவு, அதை விட மோசம், சில நாடுகளில் இறங்கும் அனுமதி அந்தக் கப்பலோடு சேர்ந்தது, கப்பல் போனால் அனுமதியும் போகிறது. துறைமுகத்தில் கப்பல் கம்பனியின் ஏஜென்ட் ஒருவர் இருப்பார், அவருடைய போன் இலக்கம் தினசரித் தாளில் அச்சிட்டிருக்கும், இறங்குமுன் போனில் படம் பிடித்து வையுங்கள்.

சித்தப்பா வருகிற மாதம் திரும்பப் போகிறார், அதே பாதை. இந்த முறை மலேசிய ஈவிசாவை அவரே எடுத்து இரண்டு பிரிண்ட் அடித்து, ஒன்றைத் தன் சட்டைப்பையிலும் மற்றதைச் சித்தியின் கைப்பையிலும் வைத்திருக்கிறார். ஏஜென்சிக்கு இன்னும் போன் பண்ணவில்லை.