மூணு சுழி ‘ண’ எவ்ளோ தூரம் தெரியும்?

போன செமஸ்டர்ல எங்களுக்கு ரெண்டு ப்ராஜெக்ட். ஒண்ணு கடலை மிட்டாய்க்கு பாக்கெட், லேபிள், அட்டைப்பெட்டி எல்லாம் டிசைன் பண்ணணும். இன்னொண்ணு ஒரு சின்ன ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எந்த பஸ் எங்க நிக்கும்னு சொல்ற பலகை. லேப்டாப்ல பார்க்க ரெண்டுமே அவ்ளோ அழகா இருந்துச்சு, வெளிய எடுத்துட்டுப் போனதும் ரெண்டுமே வேலை செய்யல. ஏன்னு தேடப் போய் கண்ணு, வெளிச்சம், மை, காகிதம்னு ஒவ்வொண்ணா படிக்க வேண்டி வந்துச்சு. பலகையோ லேபிளோ பண்றவங்களுக்கு உதவும்னு எழுதறேன்.

முதல்ல பலகை. எட்டுக்கு நாலு அடி ஷீட்டு, அதுல ஒன்பது ஊர் பேர், தமிழ், இங்கிலீஷ், பக்கத்துல நம்பர். ‘ண’ எழுத்தோட அகலம் 5 செ.மீ. ஸ்கிரீன்ல அது பெருசாத்தான் தெரிஞ்சுது. ஆனா பிரிண்ட் எடுத்து மாட்டிட்டு, பஸ் உள்ள நுழையற இடத்துல, அதாவது 30 மீட்டர் தள்ளி நின்னு பார்த்தா திருவண்ணாமலைல நடுவுல இருக்க ‘ண்ணா’ வெறும் கறுப்புப் பட்டை மாதிரி இருந்துச்சு.

விஷயம் கண்ணுக்குப் பின்னாடி இருக்கு. விழித்திரையோட நடுவுல, வெளிச்சத்தை உணர்ற கூம்பு செல்கள் நெருக்கமா அடுக்கி இருக்கும். ரெண்டு கோடு தனித்தனியா தெரியணும்னா அந்த ரெண்டு கோடும் விழற செல்களுக்கு நடுவுல, கோடு விழாத ஒரு செல்லாவது இருக்கணும். இல்லைன்னா மூளைக்கு ஒரே கோடுதான். நல்ல கண்ணுக்கு அந்தக் குறைஞ்சபட்ச இடைவெளி சுமாரா ஒரு டிகிரில 60ல 1 பங்கு. ஒத்தை நட்சத்திரம் எவ்ளோ சின்னப் புள்ளியா இருந்தாலும் தெரியுது, ஆனா ரெண்டு நட்சத்திரம் ஒட்டி இருந்தா ஒண்ணாத்தான் தெரியுது இல்லையா, அதேதான் எழுத்துலயும் நடக்குது. ஒரு கோடு தெரியறது பிரச்சனையே இல்ல, கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல இருக்க வெள்ளை தெரியணும், அதுதான் படிக்கறது.

கண் டாக்டர்கிட்ட சுவத்துல மாட்டியிருக்க சார்ட் இந்தக் கணக்குலதான் நிக்குது. 1862ல நெதர்லாந்து டாக்டர் ஸ்னெல்லன் போட்ட கணக்கு. இங்கிலீஷ் ‘ஈ’ எழுத்தை எடுத்துக்கோங்க, மேலிருந்து கீழ மூணு கோடு, ரெண்டு இடைவெளி, மொத்தம் அஞ்சு அடுக்கு. ஒவ்வொரு அடுக்குக்கும் அந்த 60ல 1 டிகிரி. 30 மீட்டர் தூரத்துல அது 8.7 மி.மீ. வரும், அப்ப ‘ஈ’ சுமார் 44 மி.மீ. உயரம் இருந்தா போதும். எழுத்து அளவு பத்தி நான் முதல்ல பார்த்த கணக்கெல்லாம் இங்கிலீஷ் எழுத்தை வெச்சுத்தான் இருந்துச்சு, அதை அப்படியே எடுத்து தமிழுக்குப் போட்டேன், தப்பு அங்கதான். நம்ம மூணு சுழி ‘ண’ நடுவுல குறுக்கா ஒரு கோடு இழுத்து எண்ணிப் பாருங்க. நான் எடுத்த ஃபான்ட்ல கோடும் இடைவெளியும் சேர்த்து ஒன்பது வந்துச்சு. ஒன்பதை 8.7ஆல பெருக்கினா 78 மி.மீ. அதுவும் கண்ணு நல்லா இருக்கறவங்க, நல்ல வெளிச்சத்துல, நிதானமா நின்னு பார்த்தா. 6/12 பார்வை இருக்கறவங்களுக்கு, அதாவது நல்ல கண்ணு 12 மீட்டர்ல படிக்கறதை 6 மீட்டர்ல வந்துதான் படிக்க முடியறவங்களுக்கு, இதுல டபுள் வேணும். நான் குடுத்தது 50.

புள்ளி இன்னும் மோசம். எழுத்துக்கும் அது தலைல இருக்க புள்ளிக்கும் நடுவுல எவ்ளோ வெள்ளை இருக்குன்னு யாரும் பார்க்கறதே இல்ல, நானும் பார்க்கல. அந்த வெள்ளை மூடிட்டா ‘ன்’னும் ‘ன’வும் ஒண்ணுதான். பின்னாடி லைட் வெச்ச பலகைல இது எதிர்ப்பக்கமா நடக்கும், வெள்ளைப் பின்னணி வெளிச்சம் கண்ணுக்குள்ள கசிஞ்சு கறுப்புக் கோட்டை ரெண்டு பக்கமும் அரிச்சுடும், கோடு மெலிஞ்சு போகும். ஒரே ஃபான்ட் ரெண்டு இடத்துக்கும் சரிப்படாது.

அப்புறம் கலர். அடர் பச்சை மேல அடர் சிவப்பு எழுத்து போட்டிருந்தேன், மதியம் நல்லா எடுத்துக் குடுத்துச்சு. சாயங்காலம் ஆறரைக்குப் போனா எழுத்து இருந்த இடமே தெரியல. வெளிச்சம் குறைய குறைய கூம்பு செல்கள் பின்வாங்கி குச்சி செல்கள் வேலைக்கு வரும், குச்சி செல்களுக்கு நீலம் பச்சைப் பக்கம் நல்லா தெரியும், அடர் சிவப்பு கிட்டத்தட்ட இருட்டு மாதிரிதான், என் பச்சையும் அடர் பச்சைங்கறதால ரெண்டும் ஒண்ணா ஆயிடுச்சு. 19ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துலயே செக் விஞ்ஞானி புர்க்கின்யே இதைக் கவனிச்சு சொல்லியிருக்கார், அதனால அவர் பேர்லயே இன்னைக்கும் சொல்றாங்க. செம்பருத்தி பகல்ல பளிச்னு இருந்துட்டு இருட்டற நேரத்துல இலையை விடக் கறுப்பா ஆயிடும், பார்த்திருப்பீங்க.

கடலை மிட்டாய் லேபிள்லயும் சிவப்புதான் சிக்கல் பண்ணுச்சு, ஆனா வேற காரணம். வெல்லப்பாகு கலர் எல்லா இடத்துலயும் வரணும்னு ஆசைப்பட்டு பார்கோடையும் செம்பழுப்புல போட்டேன். என் ஃபோன்ல ஸ்கேன் ஆச்சு, கடைல பில் போடற லேசர் ஸ்கேனர்ல ஆகவே இல்ல. அந்த ஸ்கேனர் விடறது சிவப்பு வெளிச்சம். வெள்ளைக் காகிதமும் சிவப்பு மையும் சிவப்பு வெளிச்சத்தைக் கிட்டத்தட்ட ஒரே அளவு திருப்பி அனுப்பும், அதனால ஸ்கேனருக்கு அது வெறும் வெள்ளைத் தாள். கறுப்பு, அடர் நீலம், அடர் பச்சைன்னா சிவப்பை விழுங்கிடும், கோடு தெரியும். செக் பண்ண சுலபமான வழி, சிவப்பு கண்ணாடி பேப்பர் வழியா லேபிளைப் பாருங்க. உங்க கண்ணுக்கு கோடு மறைஞ்சா ஸ்கேனருக்கும் மறைஞ்ச மாதிரிதான். ரெண்டு பக்கமும் கொஞ்சம் வெறும் வெள்ளை விடணும், கோடு எங்க ஆரம்பிக்குதுன்னு மெஷின் அதை வெச்சுத்தான் கண்டுபிடிக்கும். அங்கயும் நான் ஒரு பூ வேலைப்பாடு போட்டிருந்தேன், எடுத்துட்டேன்.

பொருள் பட்டியல் எழுத்தைப் பார்த்துட்டு பிரஸ்ல இருந்த அண்ணன் ‘ஏம்மா, இவ்ளோ சின்ன எழுத்தை நாலு கலர்ல விட்டிருக்க’ன்னு கேட்டார். பழுப்பு கலர்னு தனியா ஒரு மை போகல, நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்புன்னு நாலு பிளேட்ல புள்ளி புள்ளியா விழுந்துதான் பழுப்பு வருது. 6 பாயிண்ட் எழுத்துல ஒரு கோட்டோட தடிமன் 0.2 மி.மீ. பக்கம்தான், ஒரு பிளேட் அதுல பாதி நகர்ந்தாலே ரிஜிஸ்டர் அவுட், அதாவது கலர் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உக்காராது, எழுத்தைச் சுத்தி கலர் நிழல் விழுந்து சுழியெல்லாம் அடைச்சுடும். ஒரே கறுப்பு பிளேட்ல விட்டா நகர்றதுக்கு வேற பிளேட்டே இல்ல. அந்த அண்ணன் ரெண்டு நிமிஷத்துல சொல்லிக் குடுத்ததை நான் ரெண்டு வருஷமா கிளாஸ்ல கத்துக்கல.

லேபிள் வேலைல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் சைவ, அசைவ முத்திரை. முன்னாடி ரெண்டுமே சதுரத்துக்குள்ள வட்டம், பச்சைன்னா சைவம், பழுப்புன்னா அசைவம். சிவப்பு பச்சை பிரிச்சுப் பார்க்க முடியாதவங்களுக்கு ரெண்டும் ஒரே மாதிரி தெரியும். அந்தக் குறைபாட்டுக்கான ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கறதால ஆண்களுக்குத்தான் அதிகமா வருது. 2020 லேபிள் விதிகள்ல அசைவத்தை முக்கோணமா மாத்திட்டாங்க. இப்ப கலரே தெரியலன்னாலும் வடிவம் சொல்லிடும்.

பெட்டி பத்தி சுருக்கமா. அட்டைக்கு நடுவுல அலை அலையா இருக்க காகிதத்தோட மடிப்பு மேல கீழா நிக்கணும், படுக்க வெச்சா பாரம் தாங்காது. மேல அடுக்கற எடைல பெரும்பங்கு நாலு மூலைலதான் இறங்குது, அதனால செங்கல் மாதிரி மாத்தி மாத்தி அடுக்காம மூலைக்கு நேரா மூலை வர்ற மாதிரி அடுக்கணும், கைப்பிடி ஓட்டையை மூலைக்குப் பக்கத்துல வெட்டக் கூடாது. மழைக்காலத்துல காகிதம் ஈரத்தை இழுத்து இளகிடும், அதுக்குத் தனியா பலம் கூட்டி வெச்சுக்கணும்.

பலகையைத் திரும்ப எடுத்தப்ப கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்ல. 10 செ.மீ. அகலத்துல ஒரே ஒரு ‘ண’ பிரிண்ட் எடுத்து எங்க தெருக்கோடி சுவத்துல ஒட்டிட்டு, கண்ணாடி போடாத எங்க பாட்டியை தூரத்துல இருந்து மெதுவா நடந்து வரச் சொன்னேன். ‘இது ரெண்டு சுழியா மூணு சுழியா, சரியா தெரியற இடத்துல நில்லுங்க பாட்டி’ன்னேன். நின்ன இடத்துல சாக்பீஸால கோடு போட்டு டேப் வெச்சு அளந்தா 14 மீட்டர். அப்ப 30 மீட்டருக்கு ‘ண’ 21 செ.மீ. வேணும். அந்த சைஸ்ல எட்டுக்கு நாலு ஷீட்ல நாலு ஊர் பேர்தான் உக்காரும், என்கிட்ட இருக்கறது ஒன்பது. எந்த நாலு பேரை தூரத்துக்கு வெக்கறது, மீதி அஞ்சை எங்க கிட்டத்துல வெக்கறதுன்னு இந்த வாரம் பஸ் ஸ்டாண்ட்ல உக்காந்து, யார் எந்த பஸ்ஸுக்கு ஓடறாங்கன்னு எண்ணிட்டு இருக்கேன்.