புது டிரைவில் விண்டோஸ் ஏறுவது எப்படி, ஏறாமல் நிற்பது ஏன்

பெட்டியில் இருந்து எடுத்த புது எஸ்எஸ்டியில் ஒன்றுமே இருக்காது. அதைப் பூட்டி லப்டொப்பை ஓன் பண்ணினால், துவக்க எதுவும் இல்லை என்று கறுப்புத் திரையில் ஒரு வரி வரும். பழுதென்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். அப்படித்தான் வரவேண்டும்.

பவர் பொத்தானை அமத்தியதும் முதலில் விழிப்பது விண்டோஸ் அல்ல, மதர்போர்டில் பதிந்திருக்கும் யூஇஎஃப்ஐ என்ற சிறிய மென்பொருள். அது டிரைவில் எந்தெந்தப் பகுதி எங்கே என்று சொல்லும் ஜிபிடி அட்டவணையைப் படித்து, இஎஃப்ஐ என்ற சின்னப் பகுதியைத் தேடி, அதற்குள் இருக்கும் துவக்கியை ஓட விடுகிறது. அந்தத் துவக்கிதான் விண்டோஸை எழுப்புகிறது. "விண்டோஸ் ஏறுதில்லை" என்று வரும் லப்டொப்களில் பெரும்பாலும் விண்டோஸில் பிழை இருக்காது. இந்த வரிசையில் எங்கோ ஓரிடத்தில் தடை இருக்கும்.

முதல் தடை கடையிலேயே வரலாம். இப்போதைய லப்டொப்களில் வரும் மெல்லிய பட்டை வடிவ எம்.2 டிரைவில் 2280 என்று இருந்தால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம் என்று மட்டுமே பொருள். உருவம் ஒன்றானாலும் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு இணைப்பு வகை உண்டு. சாட்டா நொடிக்கு ஏறத்தாழ 550 எம்பியோடு நின்றுவிடும், பிசிஐஇ 3.0 என்ற இணைப்பில் ஓடும் என்விஎம்இ 3,500 எம்பி வரை போகும். செருகும் முனையில் இரண்டு வெட்டு உள்ள சாட்டா டிரைவ், என்விஎம்இக்கு மட்டுமான சொக்கற்றிலும் சிக்கலில்லாமல் உட்காரும். ஆனால் பயோஸில் (யூஇஎஃப்ஐயின் அமைப்புத் திரையைத்தான் இப்படிச் சொல்வார்கள்) அதன் பெயரே தெரியாது. லப்டொப்பின் மொடல் இலக்கத்தை எழுதிக்கொண்டு போய்க் கேட்டு வாங்குங்கள். ஸ்குரூவையும் சேர்த்துக் கேளுங்கள். பாவிக்காத சொக்கற்றில் பல தயாரிப்பாளர்கள் அதை வைப்பதில்லை. பூட்டமுன் சார்ஜரோடு உள்ளே பற்றரி இணைப்பையும் கழற்றி, டிரைவை 30 பாகையளவு சரிவாகச் செருகிப் பிறகு படுக்க வையுங்கள்.

விண்டோஸை ஏற்ற ஒரு பென்ட்ரைவ் தேவை, குறைந்தது 8 ஜிபி வேண்டும். விண்டோஸ் 11 கோப்பு 5 ஜிபிக்கு மேல் என்பதால் இரவு டேட்டாவில் இறக்குவது நல்லது. மைக்ரோசொஃப்டின் தளத்திலேயே எடுங்கள். யாரோ கொப்பி பண்ணித் தரும் 'எல்லாம் போட்ட' விண்டோஸ் தேவையே இல்லை: விண்டோஸ் 8 காலத்தில் இருந்து விண்டோஸோடு விற்ற லப்டொப்களில் உரிமக் குறியீடு மதர்போர்டிலேயே இருக்கிறது. ஹோம் என்றால் ஹோம், புரோ என்றால் புரோ என அதே பதிப்பைப் போட்டால், இணையம் கிடைத்ததும் தானே அக்டிவேட் ஆகும்.

இறக்கிய விண்டோஸ் கோப்பை (ஐஎஸ்ஓ) திறந்து கோப்புகளைக் கையால் பென்ட்ரைவுக்கு மாற்றுபவர்கள் பாதியில் நிற்பார்கள். யூஇஎஃப்ஐ நிச்சயமாகப் படிப்பது ஃபாட்32 என்ற முறையில் ஃபோமட் செய்த பென்ட்ரைவை. ஃபாட்32 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது, விண்டோஸின் இன்ஸ்டோல் கோப்போ அதைத் தாண்டும். மைக்ரோசொஃப்டின் கருவியோ ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளோ இதைத் தாமே சமாளிக்கும். ரூஃபஸில் ஜிபிடி என்பதைத் தெரிவுசெய்யுங்கள். பென்ட்ரைவில் இருந்து துவக்கச் சொல்லும் பட்டியலுக்கு, ஓன் பண்ணியதும் அமத்த வேண்டியது டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9, ஏசுஸில் எஸ்கேப்.

அதிகம் பேரை அலைக்கழிப்பது அடுத்த இடம். "எங்கே இன்ஸ்டோல் செய்வது?" என்று கேட்கும் திரையில் பட்டியல் வெறுமையாக இருக்கும். பயோஸில் டிரைவின் பெயர் தெரிகிறது, இங்கே மட்டும் இல்லை. இன்டெல் செயலி 11ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ என்றால் காரணம் அனேகமாக விஎம்டி என்ற இன்டெலின் சேமிப்புக் கட்டுப்பாட்டு வசதி. டிரைவுக்கும் விண்டோஸுக்கும் நடுவே அது நிற்கிறது, அதற்கான டிரைவர் (வன்பொருளோடு விண்டோஸைப் பேசவைக்கும் மென்பொருள்) இன்ஸ்டோலருக்குள் பெரும்பாலும் இல்லை. லப்டொப் தயாரிப்பாளரின் தளத்தில் இன்டெல் ரபிட் ஸ்டோரேஜ் டிரைவரை எடுத்து, விரித்து, கோப்புறையாகப் பென்ட்ரைவில் போட்டு, 'லோட் டிரைவர்' மூலம் காட்டினால் டிரைவ் எட்டிப் பார்க்கும். பயோஸில் விஎம்டியை நிறுத்துவதும் வழிதான். ஆனால் பிறகு யாராவது அதைத் திரும்ப ஓன் பண்ணினால் நீலத்திரை வரக்கூடும்.

டிரைவ் தெரிந்தால் அதில் கைவைக்காமல் 'நெக்ஸ்ட்' கொடுங்கள். வழமையாக 100 எம்பி இஎஃப்ஐ, 16 எம்பி ஒதுக்கிடம், சி, மீட்புப் பகுதி எல்லாவற்றையும் விண்டோஸே பிரிக்கும். 512 ஜிபி டிரைவ் 476 என்று காட்டும். விற்பவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024ஆல் எண்ணுகிறது, அவ்வளவுதான்.

லப்டொப்பில் பழைய டிரைவும் இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். பழையதில் இஎஃப்ஐ பகுதி ஏற்கெனவே இருப்பதால், இன்ஸ்டோலர் துவக்கியை அங்கேயே எழுதிவிடும், விண்டோஸ் மட்டும் புதியதில் இறங்கும். எல்லாம் சரியாக ஓடும். மாதங்கள் கழித்துப் பழையதைக் கழற்றும் நாளில் லப்டொப் எழும்பாது.

யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டுச் சொந்தங்கள் கொண்டுவந்து தந்த லப்டொப்கள் தாராளம். ஜேர்மன் விசைப்பலகையில் இஸட்டும் வையும் இடம்மாறி இருக்கும், பிரெஞ்சில் ஏயும் கியூவும். தொடக்கத்தில் விசைப்பலகையைச் சரியாகத் தெரிவுசெய்யாவிட்டால் நீங்கள் வைத்த கடவுச்சொல்லே பிறகு பிழை என்னும். மாமா வேலைசெய்த கம்பனியின் லப்டொப் என்றால் இன்னொரு சிக்கல்: கம்பனிகள் தங்கள் லப்டொப்களைப் பதிந்துவைக்கும் மைக்ரோசொஃப்டின் ஓட்டோபைலட் சேவையில் அது பதிந்திருந்தால், புது டிரைவ் போட்டாலும் முதல் இணைய இணைப்பிலேயே கம்பனிக் கணக்கைக் கேட்கும். அந்தப் பதிவு டிரைவில் இல்லை, மைக்ரோசொஃப்டிடம் இருக்கிறது. கம்பனி நீக்கினால்தான் விடும். டிரைவுக்குக் காசு கொடுக்கமுன் அதை விசாரியுங்கள்.

வைஃபை டிரைவர் இல்லாமல் அமைப்பு நின்றால், அன்ட்ரொயிட் போனை யூஎஸ்பி வயரால் இணைத்து 'டெதரிங்' போட்டால் பெரும்பாலும் இணையம் வந்துவிடும். மைக்ரோசொஃப்ட் கணக்கோடு அமைத்தால் புதிய விண்டோஸ் 11, டிரைவில் உள்ளதைத் தானாகவே குறியாக்கம் செய்து, 48 இலக்க மீட்புக் குறியீட்டை அந்தக் கணக்கில் வைக்கும். அன்றே கணக்குக்குள் போய் அதைக் கடதாசியில் எழுதிக்கொள்ளுங்கள். பயோஸ் மாறினாலோ மதர்போர்ட் மாறினாலோ கேட்கும். அப்போது அந்த லப்டொப்பில் தேட முடியாது.