முகம் எங்கே உடையும்?

தாடையில் பலமாக ஒரு குத்து விழுகிறது. முகவாயின் நடுவில் அடி. ஆனால் எக்ஸ்ரேயில் உடைந்து தெரிவது பெரும்பாலும் காதுக்கு முன்னால் இருக்கும் மூட்டின் கழுத்து, அதாவது தாடையின் உச்சிக் குமிழுக்குக் கீழே எலும்பு மெலியும் இடம். கீழ்த்தாடை வளைந்த எலும்பு. ஒரு பக்கம் விழும் விசை அதன் வழியே ஓடி, மெலிந்த கழுத்தில் போய் முறிக்கிறது. அந்தக் கழுத்து முறியாவிட்டால் தாடையின் குமிழ் மேலே ஏறக்கூடும். அது பொருந்தியிருக்கும் குழியின் கூரை மிக மெல்லியது. அதற்கு மேலே மூளை. தாடை முறிவதே சில வேளை நல்லது.

பாதுகாப்பு என்றாலே கெட்டியாக இருக்க வேண்டும் என்பது பாதி உண்மைதான். மண்டையோட்டின் 22 எலும்புகளில் 8 மூளையைச் சூழ்ந்தவை, 14 முகத்துக்குரியவை. (காதுக்குள் இருக்கும் குட்டி எலும்புகள் 6, நாக்கின் அடியில் உள்ள எலும்பு ஆகியவற்றை இதில் சேர்ப்பதில்லை.) அசைவது கீழ்த்தாடை மட்டுமே. மற்றவை பல்பல்லாகக் கோத்த பொருத்துகளில் இறுகி நிற்கின்றன. பிறக்கும்போது அவை இறுகியிருப்பதில்லை. பிறப்புப் பாதையில் தலை நெருக்குண்டு வரும்போது எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று சற்றே ஏறும். முன் உச்சிக்குழி மூட சுமார் ஒன்றரை வயது ஆகலாம்.

நெற்றி எலும்பு முகத்திலேயே பலமானது. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே, கண்ணுக்கும் காதுக்கும் இடையிலான பொட்டில், நான்கு எலும்புகள் சந்திக்கும் இடம் மெல்லியது. போதாததற்கு அதன் உள்பக்கம் ஒரு தமனி ஓடுகிறது. உலர்ந்த மண்டையோட்டைத் திருப்பிப் பார்த்தால் அதன் தடம் பள்ளமாகத் தெரியும். எலும்பில் விரிசல் விழுந்தால் தமனி கிழியக்கூடும். எலும்புக்கும் மூளையுறைக்கும் இடையே இரத்தம் தேங்கும். அடிபட்டவர் மயங்கி, எழுந்து, தெளிவாகப் பேசிவிட்டு, சில மணி நேரத்தில் மறுபடி நினைவிழக்கக்கூடும். இடையில் வரும் அந்தத் தெளிவை நம்பி வீட்டுக்கு அனுப்புவதுதான் ஆபத்து.

நடுமுகத்தின் கதை வேறு. பிரெஞ்சு அறுவை மருத்துவர் ரெனே லெ ஃபோர் பிணங்களின் முகத்தில் அடி கொடுத்து, எலும்பு எந்த வழியில் பிளக்கிறது என்று பார்த்து 1901இல் எழுதினார். விரிசல்கள் கண்டபடி ஓடவில்லை, மூன்று பாதைகளில் திரும்பத் திரும்ப வந்தன. முதலாவதில் மேல்பல் வரிசை மட்டும் கழன்றுவிடும். இரண்டாவதில் மூக்கும் சேர்ந்து கூம்பாக அசையும். மூன்றாவதில் முகம் முழுவதுமே மண்டையை விட்டுப் பிரியும். காரணம், மூக்கோரத்திலும் கன்னத்திலும் பின்னாலும் நிற்கும் செங்குத்துத் தூண்கள். மெல்லும்போது கீழிருந்து வரும் அழுத்தத்தை அவை தாங்கும். முன்னாலிருந்து வரும் அடியை அவ்வளவாகத் தாங்காது.

கண்குழியின் தரை சுமார் அரை மில்லிமீட்டர்தான். மூக்குப் பக்கச் சுவர் அதைவிட மெல்லியது; ஆனாலும் அதன் பின்னால் காற்றறைகளின் தடுப்புகள் முட்டுக்கொடுப்பதால் பல வேளைகளில் தரைதான் முதலில் உடையும். பந்தோ முஷ்டியோ கண்ணில் பட்டதும் குழிக்குள் அழுத்தம் ஏறுகிறது, தரை உடைந்து கொழுப்பு கீழிருக்கும் சைனஸுக்குள் இறங்குகிறது. கண்விழி பெரும்பாலும் தப்பிவிடும். கன்னமும் மேலுதடும் மரத்துப்போகலாம். தரைக்குள் ஓடும் நரம்பு அடிபட்டதன் அறிகுறி அது.

சிறுவர்களிடம் இதுவே ஏமாற்றும். அவர்கள் எலும்பு வளையக்கூடியது என்பதால், உடைந்த தரை தரைக்கதவுபோல் ஒரு கணம் திறந்து மறுபடி மூடி, கண்ணசைக்கும் தசையைக் கவ்விக்கொள்ளும். வெளியே வீக்கமோ இரத்தச் சிவப்போ அதிகம் இருக்காது. வாந்தி வரும், நாடித்துடிப்பு குறையும்; தலையில் அடி என்று எல்லாரும் மூளையையே தேடுவார்கள். மேலே பார்க்கச் சொன்னால் போதும்: ஒரு கண் உயரும், மற்றது உயராது. இரத்த ஓட்டம் இல்லாத தசை விரைவில் சிதையும் என்பதால், இப்படி மாட்டிக்கொண்ட குழந்தைக்கு அறுவையைத் தள்ளிப்போடக் கூடாது.